தொங்குமுனை இல்லாத பட்டாம்பூச்சி

கும்பகோணத்தில் ஒரு கல்லூரியில் கணிதம் நடத்துகிறேன். பகுதிநேரமாக பிஎச்.டி. செய்கிறேன். என் நெறியாளர் மேடம் திருச்சியில் இருக்கிறார். சனிக்கிழமை காலை ரயிலில் போய், அவர் அறைக் கரும்பலகை முன்னால் இரண்டு மணி நேரம் நின்று பேசிவிட்டு மாலையில் திரும்புவேன். அப்படி ஒரு மார்ச் மாதச் சனிக்கிழமை, என் முதல் தேற்றம் பலகையில் முழுசாக வந்து நின்றது. "சரிம்மா, எழுதிடு. ரெண்டு வாரம் போதும்" என்றார். ஜூலை வரை ஒரு பத்திகூட எழுதவில்லை.

உட்காராமல் இல்லை. விடைத்தாள் திருத்தி, மகளைத் தூங்க வைத்துவிட்டு, பத்து மணிக்கு லேப்டாப்பைத் திறப்பேன். கணிதக் கட்டுரைகளைத் தட்டச்சு செய்யும் லேடெக்ஸ் கோப்பில் தலைப்பு, என் பெயர், முன்னுரை என்ற சொல், அதற்குக் கீழே வெறும் வெள்ளை. "கோட்டுருவியலில் தூர அணிகளுக்கு முக்கிய இடம் உண்டு" என்று ஆங்கிலத்தில் ஒரு வாக்கியம் அடிப்பேன். எங்கேயோ படித்தது போலவே இருக்கும். அழிப்பேன். மேற்கோள் பட்டியலைச் சரிசெய்வேன். பன்னிரண்டு மணிக்கு மூடிவிடுவேன்.

வேலை எதைப் பற்றியது என்று சொல்லிவிடுகிறேன். புள்ளிகளையும் அவற்றை இணைக்கும் கோடுகளையும் கொண்ட உருவம்தான் கோட்டுரு. ஒரே துண்டாக இருந்து, எங்கேயும் சுற்றி வந்து மூடாத கோட்டுருவை மரம் என்போம். ஒவ்வொரு புள்ளிக்கும் மற்ற புள்ளிகள் எத்தனை கோடு தூரம் என்று கட்டம் போட்டு எழுதினால் அதுதான் தூர அணி. பெல் ஆய்வகத்தில் இருந்த ரொனால்ட் கிரஹாமும் ஹென்றி பொல்லாக்கும் 1971இல் ஒன்றைக் காட்டினார்கள்: மரத்தின் தூர அணிக்கு அணிக்கோவை, அதாவது அணியிலிருந்து கணக்கிட்டு எடுக்கும் ஒற்றை எண், மரத்தின் வடிவத்தைப் பார்ப்பதே இல்லை, புள்ளிகளின் எண்ணிக்கையை மட்டுமே பார்க்கிறது. நான்கு புள்ளிகள் வரிசையாக நின்றாலும் −12. நடுவில் ஒன்று, சுற்றிலும் மூன்று என்று நின்றாலும் −12. முதல் தடவை இரண்டையும் கையால் கணக்குப் போட்டுப் பார்த்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. மரத்தில் சில முக்கோணங்களையும் ஒட்டி, தூரங்களுக்குப் பதில் அவற்றின் வர்க்கங்களை வைத்தால் என்ன ஆகும் என்பதுதான் என் பகுதி.

ஜூலையில் எம்.எஸ்சி. மாணவி ஒருத்தி, "மேம், நீங்க எதுல ஆராய்ச்சி பண்றீங்க?" என்று கேட்டாள். பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ் வழியில் படித்தவள். எழுதித் தருகிறேன் என்று சொல்லிவிட்டு, அன்று இரவு லேப்டாப்பைத் திறக்காமல் கோடு போட்ட நான்கு தாள்களை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். தமிழில் எழுதினேன். மார்ச்சுக்குப் பிறகு முதல் முறையாகப் பேனா ஓடியது. மூன்று பக்கம், நிற்கவே இல்லை.

மூன்றாம் பக்கக் கடைசியில் நின்றது. "ஓரத்தில் ஒரே ஒரு கோட்டில் தொங்கும் முனை ஒன்று எப்போதும் இருக்கும். அதை எடுத்துவிட்டால் மிச்சம் சின்ன கோட்டுரு" என்று எழுதியிருந்தேன். இப்படி ஒவ்வொன்றாக எடுத்துச் சின்னதாக்கிக்கொண்டே போவதில்தான் என் நிரூபணம் நின்றது. ஆங்கில வரைவுக் குறிப்பில் இதே இடத்தில் 'தெளிவாக' என்று ஒரு சொல்லைப் போட்டுத் தாண்டியிருந்தேன். அந்தப் பெண்ணுக்கு அப்படிச் சொல்ல மனம் வரவில்லை. படம் போட்டுக் காட்டலாம் என்று, ஒரு புள்ளியைப் பொதுவாகக் கொண்ட இரண்டு முக்கோணங்களை வரைந்தேன். பட்டாம்பூச்சி என்றே இதற்குப் பெயர். ஐந்து புள்ளிகள். எந்தப் புள்ளியிலும் குறைந்தது இரண்டு கோடுகள். தொங்கும் முனையே கிடையாது. மரத்துக்குப் பொருந்துவதை முக்கோணத்துக்கும் பொருந்தும் என்று நான் நம்பியிருந்தேன். மேடமும் பலகையில் அதைக் கவனிக்கவில்லை.

கை குளிர்ந்துவிட்டது. அப்புறம், சொன்னால் நம்பமாட்டீர்கள், நிம்மதியாக இருந்தது. நாலு மாதமாக என்னைச் சோம்பேறி என்று நானே திட்டிக்கொண்டிருந்தேன். அந்த வரியைத் தாண்ட என் கை மறுத்தது சோம்பலால் அல்ல என்றுதான் இன்றும் நினைக்கிறேன். உள்ளே எங்கேயோ எனக்கு அது தெரிந்திருக்கிறது.

எங்கள் ஊரில் சாரங்கபாணி சன்னதித் தெருவில் ராமானுஜன் வீட்டைத் தாண்டித்தான் பஸ் ஸ்டாண்டுக்குப் போவேன். அவர் சிலேட்டில் போட்டு முழங்கையால் அழித்த கதையை எல்லா வகுப்பிலும் சொல்கிறோம். 1911இல் இந்தியக் கணிதச் சங்க இதழில் பெர்னூலி எண்கள் பற்றி அவர் எழுதிய கட்டுரை வந்த கதையைச் சொல்வதில்லை. எழுத்து அத்தனை சுருக்கமாகவும் தெளிவு குறைந்தும் இருந்ததால் சாதாரண வாசகர் பின்தொடர்வதே சிரமம் என்று இதழாசிரியர் நாராயண ஐயங்கார் குறிப்பிட்டிருக்கிறார். அவ்வளவு பெரிய மனசுக்குத் தெரிந்ததையும் இன்னொருவருக்குத் தெரியும்படி எழுத வேண்டியிருந்தது. இந்தக் கதையையும் இப்போது மாணவர்களுக்குச் சொல்கிறேன்.

பட்டாம்பூச்சிக்கு ஐந்துக்கு ஐந்து அணியைக் கையால் போட்டேன். சூத்திரம் சரியாகவே வந்தது, நிரூபணம்தான் ஓட்டை. முனைக்குப் பதில் ஓரத்துத் துண்டை, அது ஒற்றைக் கோடோ முக்கோணமோ, முழுசாக எடுப்பது என்று மாற்ற மூன்று வாரம் ஆனது. பிறகு கட்டுரையைப் பட்டாம்பூச்சியிலிருந்து தொடங்கினேன். ஒரு பகுதி முடிந்ததும் முந்தைய பகுதிக்குத் திரும்பித் திருத்தினேன். கணிதவியலாளர் பால் ஹால்மோஸ் 1970இலேயே இந்தச் சுருள் வழியைச் சொல்லியிருக்கிறார் என்று மேடம் பிறகு சொன்னார். முன்னுரையைக் கடைசியில், ஒரே மதியத்தில் எழுதினேன்.

தாள்களை மாணவியிடம் கொடுத்தேன். மூன்றாம் பக்கத்தில் நான் கோடு போட்டு அடித்திருந்த வரியைக் காட்டி, "இது ஏன் மேம் தப்பு?" என்றாள். படத்தைக் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, ஐந்து புள்ளிகளையும் விரலால் தொட்டு எண்ணினாள்.

டிசம்பரில் இதழிலிருந்து மதிப்புரை வந்தது. இரண்டாம் பகுதியைப் பாதியாகக் குறைக்கச் சொல்லியிருந்தார்கள். ஐந்து புள்ளி உதாரணத்தை மட்டும் அப்படியே வைக்கும்படி தனியாக ஒரு வரி இருந்தது.