சடையை அவிழ்த்துட்டு நில்லு கண்ணு

கோவைப் பக்கம் ஒரு மருத்துவமனையில், குழந்தைகளுக்கான ஹார்மோன் பிரிவில், பதினொரு வருஷமாக நர்ஸாக இருக்கிறேன். இன்சுலின் பேனா பிடிக்கக் கற்றுக்கொடுப்பது, ரத்தம் எடுப்பது, அழுகிற அம்மாக்களை உட்காரவைத்துத் தண்ணீர் கொடுப்பது என்று நாள் முழுக்க வேலை இருக்கும். ஆனாலும் யாராவது என்ன வேலை என்று கேட்டால் உயரம் அளக்கிறேன் என்றுதான் சொல்வேன். அது எவ்வளவு பெரிய வேலை என்று எனக்குப் புரிவதற்குள் ஒரு பிள்ளைக்கு ஆறு மாதம் வீணாகிவிட்டது.

எட்டரை வயசுப் பெண். "கூடப் படிக்கிற பிள்ளைங்க எல்லாம் வளந்துட்டாங்க, இவ மட்டும் அப்படியே நிக்கறாளுங்க சிஸ்டர்" என்றார் அம்மா. அளந்தேன், 117.2 செ.மீ. அம்மா 150, அப்பா 162. இரண்டையும் கூட்டிப் பாதியாக்கி, பையன் என்றால் 6.5 கூட்ட வேண்டும், பெண் என்றால் 6.5 கழிக்க வேண்டும்; அந்த வீட்டுப் பிள்ளை ஏறக்குறைய எங்கே போய் நிற்கும் என்பதற்கு அது ஒரு கணக்கு. இவளுக்கு 149.5 வந்தது. அந்தக் குடும்பத்துக்கு இந்த வயசில் 117 ஒன்றும் மோசமில்லை, ஆறு மாதத்தில் எவ்வளவு வளர்கிறாள் என்று பார்ப்போம் என்றார் டாக்டர்.

ஆறு மாதம் கழித்து வந்தார்கள். அன்றைக்கு ஓ.பி.யில் நிற்க இடமில்லை. பிள்ளை ஏதோ கல்யாண வீட்டிலிருந்து நேராக வந்திருந்தாள், உச்சியில் கொண்டை, அதைச் சுற்றிப் பூ. பூவைக் கலைக்க மனசு வராமல், வெளியே காத்திருக்கிற கூட்டத்தையும் நினைத்துக்கொண்டு, பலகையைக் கொண்டை மேலேயே இறக்கி 119.9 என்று எழுதிவிட்டேன். ஆறு மாதத்தில் 2.7 என்றால் நல்ல வளர்ச்சிதான், கவலைப்படாமல் போங்க என்று அனுப்பியாயிற்று. அடுத்த ஆறு மாதம் கழித்து அளந்தால் 118.6.

வளர்கிற பிள்ளை குறையாது. கருவிதான் பிசகிவிட்டது என்று நினைத்து, தினமும் காலையில் சரிபார்க்கிற 100 செ.மீ. கம்பியை எடுத்து வைத்துப் பார்த்தேன், சரியாக இருந்தது. மறுபடி மறுபடி அளந்தேன், அதே 118.6. பழைய சீட்டில் இருந்தது என் கையெழுத்து, அப்போதுதான் அந்தக் கொண்டை ஞாபகத்துக்கு வந்தது. டாக்டரிடம் போய் உள்ளதைச் சொன்னேன். அவர் திட்டவில்லை, "அப்போ வருஷத்துக்கே 1.4 தானா?" என்று மட்டும் கேட்டார். அன்றைக்கே எடுத்த ரத்தத்தில், தைராய்டு சோர்ந்தால் ஏறுகிற டி.எஸ்.எச். என்ற ஹார்மோன் நூறைத் தாண்டியிருந்தது. தைராய்டு கிட்டத்தட்ட வேலையே செய்யவில்லை.

திரும்பிப் பார்த்தால் எல்லாம் கண்ணெதிரேதான் இருந்திருக்கிறது. தோல் வறட்சி, மலச்சிக்கல், எந்நேரமும் தூக்கம், உயரம் ஏறாமல் எடை மட்டும் கொஞ்சம் கூடியது. அம்மா பெருமையாகத்தான் சொல்லியிருந்தார், ரொம்ப அமைதியான பிள்ளைங்க, இருக்கிற இடமே தெரியாது, டீச்சர் எல்லாம் பாராட்டுவாங்க என்று. வெறும் வயிற்றில் காலையில் ஒரு மாத்திரை, அவ்வளவுதான் வைத்தியம். ஒரு வருஷத்தில் 9.3 செ.மீ. வளர்ந்தாள். "வளந்துட்டா சரிங்க, ஆனா இப்ப சொன்ன பேச்சே கேக்கறதில்ல, ஒரு நிமிஷம் உக்கார மாட்டேங்கறா" என்று அம்மா குறைப்பட்டுக்கொண்டார். இதை வேறு வீடுகளிலும் கேட்டிருக்கிறேன். நோய் பிள்ளையை அடக்கிவைத்திருந்ததை நாம் நல்ல குணம் என்று நினைத்துவிடுகிறோம்.

பிறவியிலேயே தைராய்டு சுரக்காத குழந்தைகள் வேறு. நம் நாட்டில் ஏறத்தாழ ஆயிரம் பிறப்புக்கு ஒன்று. அங்கே அவசரம் உயரத்துக்கு இல்லை, மூளைக்கு. குதிகாலில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்துப் பார்த்து இரண்டு வாரத்துக்குள் மருந்தைத் தொடங்கிவிட்டால் பெரும்பாலும் மற்றப் பிள்ளைகள் போலவே படிக்கும், விளையாடும். தயவுசெய்து அந்தப் பரிசோதனையைக் கேட்டு வாங்குங்கள்.

அந்தக் கொண்டைக்கு அப்புறம் நான் யாருக்காகவும் அவசரப்படுவதில்லை. செருப்பு, சாக்ஸ் கழற்ற வேண்டும், சடையை அவிழ்க்க வேண்டும். குதிகாலும் பின்பக்கமும் முதுகும் பலகையில் ஒட்டியிருக்க வேண்டும், கண்ணுக்குக் கீழே உள்ள எலும்பு விளிம்பும் காதுத் துவாரமும் ஒரே கோட்டில் வர வேண்டும். தாடைக்கு அடியில் இரண்டு கையையும் கொடுத்து லேசாகத் தூக்கிப் பிடித்து, மூச்சை இழு கண்ணு என்று சொல்லி, தலைப்பலகையை முடி அமுங்குகிற அளவுக்கு இறக்கி, மூன்று முறை படிக்க வேண்டும். காலையில் அளந்த பிள்ளையைச் சாயங்காலம் அளந்தால் ஒரு செ.மீ. வரைகூடக் குறையும், அதனால் முடிந்தவரை அதே நேரத்துக்கு வரச் சொல்வேன். இரண்டு வயசுக்குக் கீழே என்றால் படுக்கவைத்துத்தான் அளப்போம், காலைப் பிடிக்க இன்னொரு ஆள் வேண்டும்.

குழந்தை 50 செ.மீ. வாக்கில் பிறக்கிறது, முதல் வருஷம் 25 வளர்கிறது, அடுத்த வருஷம் அதில் பாதி, நான்கு வயசில் சுமார் 100 தொடும். அதற்கப்புறம் வயசுக்கு வரும்வரை வருஷத்துக்கு ஐந்து, ஆறுதான். இந்த நிதானமான காலத்தில்தான் யாரும் அளப்பதில்லை. காய்ச்சல் என்று போனால் எடை பார்ப்பார்கள், மருந்து அளவுக்கு அது வேண்டுமே. உயரத்தை யார் எழுதுகிறார்கள்? ஒரு அளவை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது, இரண்டு தேதி வேண்டும். ஃபிரான்ஸில் மோன்பெயார் என்ற ஒரு பிரபு, 1759 முதல் 1777 வரை, தன் மகனைப் பிறந்ததிலிருந்து பதினெட்டு வயசு வரை ஆறு மாதத்துக்கு ஒருமுறை போல அளந்து எழுதிவைத்தார். இன்றைக்கும் வளர்ச்சி பற்றிப் பாடம் எடுப்பவர்கள் அந்த அளவுகளை வைத்து வரைந்த கோட்டைக் காட்டுகிறார்கள்.

மனசுக்குக் கஷ்டமானது தாமதமாக வருபவர்களைப் பார்ப்பதுதான். போன வருஷம் ஒரு பையன், பத்தொன்பது வயசு, போலீஸ் தேர்வுக்கு 170 வேண்டும், இவன் 167. ராத்திரி பகலாக ஓடிப் பயிற்சி எடுத்திருக்கிறான், கம்பியில் தொங்கியிருக்கிறான், உயரம் ஏறும் என்று யாரோ விற்ற பவுடரை டப்பா டப்பாவாகக் குடித்திருக்கிறான். இடது கையை எக்ஸ்ரே எடுத்தோம். விரல், மணிக்கட்டு எலும்புகளின் நுனியில் வளரும் பகுதி கறுப்புக் கோடாகத் தெரிய வேண்டும். அவனுக்கு ஒரு கோடும் இல்லை, எல்லாம் மூடிவிட்டது. கொண்டை போட்டு வந்த அந்தப் பெண் குழந்தைக்கு அதே எக்ஸ்ரேயில் ஒன்பதரை வயசில் எலும்பு ஆறு வயசுப் பிள்ளையுடையது போலத்தான் இருந்தது, அவளுக்கு வளர இடம் இருந்தது. பெண் பிள்ளைகளும் இப்படித்தான், வயசுக்கு வந்த பிறகு பெரும்பாலும் ஐந்திலிருந்து ஏழு செ.மீ.தான் பாக்கி. சடங்கு முடித்துவிட்டு, இனி உயரத்தைப் பார்க்கலாம் என்று கூட்டி வருகிறார்கள்.

கால் வளைந்து வரும் குழந்தைகளுக்கு வேறு கதை. இடுப்பில் வைத்துத் தூக்கினதால் வளைந்துவிட்டது என்று பாட்டிகள் சொல்வார்கள். இரண்டு வயசு வரை லேசான வளைவு எல்லாருக்கும் இருப்பதுதான். ஆனால் வளைவோடு மணிக்கட்டும் தடித்திருந்தால் விடக்கூடாது. அப்படி ஒரு ஒன்றரை வயசுப் பையன், மாடி வீட்டுக்குள்ளேயே வளர்ந்தவன், தாய்ப்பாலும் கொஞ்சம் சோறும், வைட்டமின் டி சொட்டு மருந்து கொடுக்கவே இல்லை. எக்ஸ்ரேயில் எலும்பு நுனி கிண்ணம் போல் குழிந்து, தேய்ந்த துடைப்பம் மாதிரி பிசிறடித்திருந்தது. தாய்ப்பாலில் வைட்டமின் டி மிகக் குறைவு, முதல் வருஷம் தினமும் 400 யூனிட் சொட்டு வேண்டும். டி-யும் கால்சியமும் கொடுத்து மூன்று மாதம் கழித்து எடுத்த படத்தில் அந்தப் பிசிறின் மேல் வெள்ளையாக ஒரு கோடு விழுந்திருந்தது. கால் மெல்லத்தான் நிமிரும், ஆனால் அந்தக் கோட்டைப் பார்த்தாலே எங்களுக்கு மூச்சு வரும். கோடு விழவில்லை என்றால் உடம்பு பாஸ்பேட்டைச் சிறுநீரில் விடுகிறதா என்று தேட வேண்டும், அங்கே வெறும் டி போதாது.

கடைசியாக ஒரு அப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். தறி ஓட்டுபவர். பதினொரு வயசுப் பையனைக் கூட்டி வந்தார், பழைய அளவு ஏதாவது இருக்கிறதா என்று கேட்டால் ஒன்றும் இல்லைங்க என்றார். கொஞ்சம் யோசித்துவிட்டு, "செவுத்துல கோடு போட்டிருக்கேனுங்க" என்று வீட்டுக்குப் போன் பண்ணினார். வந்த போட்டோவில் ஒரு வாசல் நிலை, பக்கத்தில் சுவரில் பென்சில் கோடுகள், ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் தறிக்குப் பொட்டு வைக்கிற அன்று பையனையும் நிறுத்திப் போட்டது, பக்கத்திலேயே வருஷம். நாலு வயசு, ஐந்து, ஆறு, ஏழு வரை கோடுகள் தள்ளித் தள்ளி இருந்தன. எட்டிலிருந்து ஒட்டி ஒட்டி. டேப்பை வைத்துத் தரையிலிருந்து அளந்து சொல்லச் சொன்னோம், அவர் மனைவி ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல டாக்டர் வளர்ச்சி அட்டையில் புள்ளி வைத்துக்கொண்டே போனார். தலைவலி உண்டா, கண் மங்குகிறதா என்று உடனே கேட்டார். தலைவலி இருந்தது. ஸ்கேனில், மூளைக்கு அடியில் வளர்ச்சி ஹார்மோனைச் சுரக்கிற பிட்யூட்டரி சுரப்பி பக்கத்தில் கட்டி.

அறுவைச் சிகிச்சை முடிந்து, இப்போது தினமும் ராத்திரி வளர்ச்சி ஹார்மோன் ஊசி போடுகிறார்கள். மருந்து 2-லிருந்து 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும், உறைந்தாலும் கெட்டுவிடும். அவர்கள் வீட்டில் பிரிட்ஜ் இல்லை, எதிர்வீட்டு மளிகைக்கடைக்காரர் தன் பிரிட்ஜில் ஒரு தட்டை ஒதுக்கிக் கொடுத்திருக்கிறார். போன முறை வந்தபோது அந்த அப்பா இன்னொரு போட்டோ காட்டினார். பொங்கலுக்கு வீட்டுக்கு வெள்ளையடித்திருக்கிறார்கள், நிலைக்குப் பக்கத்தில் நான்கு விரல் அகலத்துக்கு மட்டும் பழைய சுண்ணாம்பை அப்படியே விட்டிருந்தார். கடைசிக் கோட்டுக்கும் அதற்கு முந்தையதற்கும் நடுவில் என் கட்டைவிரலை வைத்துப் பார்க்கச் சொன்னார்.