பி0171: அல்சூர் ஷெட் நாட்குறிப்பு

ஜூலை 8, செவ்வாய்

பெங்களூர் அல்சூர் ஏரிப் பக்கத்திலிருந்து ஒரு அக்கா தன் பெட்ரோல் காரை என் ஷெட்டுக்குக் கொண்டு வந்தார். இன்ஜின் லைட் எரிகிறது, சிக்னலில் நின்றால் வண்டி உதறுகிறது. வேறொரு இடத்தில் ஸ்கேன் போட்டு, புகையில் எவ்வளவு ஆக்சிஜன் இருக்கிறது என்று பார்க்கும் ஆக்சிஜன் சென்சார் போய்விட்டது என்று சொல்லியிருக்கிறார்கள்.

"மாத்திடலாமா தம்பி?"

"இருங்கக்கா, முதல்ல பாத்துடுறேன்."

வண்டியின் கம்ப்யூட்டர் பதிந்து வைத்திருந்த எரர் பி0171. கலவையில் காற்று அதிகம், பெட்ரோல் குறைவு. அதைக் கண்டுபிடித்துச் சொன்னதே ஆக்சிஜன் சென்சார்தான். சேதி சொன்னவனையே கழற்றிப் போடச் சொன்னால் எனக்குக் கோபம் வருகிறது. கம்ப்யூட்டர் தான் பார்த்ததை எழுதி வைக்கிறது. எந்தப் பாகம் கெட்டது என்று தேடுவது நம் வேலை.

நல்ல வேளை, எரரை யாரும் அழிக்கவில்லை. அழித்திருந்தால் ஃப்ரீஸ் ஃப்ரேமும் போயிருக்கும். எரர் விழுந்த நேரத்தில் இன்ஜின் இருந்த நிலையை அப்படியே பிடித்து வைத்த பதிவு அது. பார்த்தேன்: ஐடிலிங் (ஆக்சிலரேட்டரை மிதிக்காமல் இன்ஜின் சும்மா ஓடுவது), இன்ஜின் சூடு 90 டிகிரி, லாங் டெர்ம் ஃப்யூயல் டிரிம் (கம்ப்யூட்டர் பெட்ரோல் அளவில் நீண்ட நாளாகச் செய்துவரும் திருத்தம்) பிளஸ் 22. வழக்கத்தைவிட 22 சதவீதம் கூடுதலாகப் பெட்ரோல் விட்டுச் சமாளித்துக்கொண்டிருக்கிறது.

ஆக்சிலரேட்டரை 2500 ஆர்பிஎம்மில் பிடித்தேன். ஷார்ட் (அந்தந்த நொடியில் செய்யும் திருத்தம்), லாங் இரண்டு டிரிம்மும் சேர்ந்தே 6-க்கு இறங்கிவிட்டது. இதுதான் முக்கியமான துப்பு. பெட்ரோலை அனுப்பும் பம்ப்போ ஃபில்டரோ பலவீனமாக இருந்தால், இன்ஜினுக்கு லோடு ஏற ஏற டிரிம்மும் ஏறும். இங்கே தலைகீழ். ஐடிலில் இன்ஜின் இழுக்கும் காற்றே கொஞ்சம், அதனால் ஓட்டை வழியாக வருவது அதில் பெரிய பங்கு. ஆர்பிஎம் ஏறினால் மொத்தக் காற்று பெருகிவிடும், ஓட்டைக் காற்று கணக்கில் கரைந்துவிடும். உள்ளே போகும் காற்றை அளக்கும் ஏர் ஃப்ளோ சென்சாரைத் தாண்டி எங்கோ காற்று இழுக்கிறது.

ஜூலை 9, புதன்

ஓட்டை தேட கார்ப் கிளீனர் என்ற தீப்பற்றும் ஸ்ப்ரேயை அடித்துப் பார்ப்பவர்கள் உண்டு. சூடான சைலன்சர் பைப்பில் பட்டால் தீப்பிடிக்கும். என் ஷெட்டில் அதை அனுமதிப்பதில்லை. புகையை உள்ளே செலுத்தும் ஸ்மோக் மெஷினை, காற்று உள்ளே போகும் இன்டேக்கில் மாட்டினோம். இன்ஜினுக்குள் சேரும் வாயுவை இன்டேக்குக்குத் திருப்பும் பிசிவி ஹோஸின் வளைவுக்கு அடியிலிருந்து புகை வந்தது. மேலிருந்து பார்த்தால் ஹோஸ் புதுசு போலத்தான் இருந்தது. கையால் வளைத்ததும் விரிசல் வாயைத் திறந்தது.

பழைய ஹோஸைக் கையில் கொடுத்துப் பையனை, வண்டி உதிரிபாகக் கடைகள் இருக்கும் ஜேசி ரோட்டுக்கு அனுப்பினேன். வளைவும் அளவும் ஒத்துப் பார்த்து வாங்கி வந்தான். மாட்டி, எரரை அழித்து, வண்டியை ஒரு சுற்று ஓட்டிவிட்டுப் பார்த்தால் ஐடிலில் டிரிம் 3.

ஜூலை 11, வெள்ளி

மழை. சென்னை நம்பர் வண்டி ஒன்று. இன்டேக்குக்குள் காற்றழுத்தத்தை அளக்கும் மேப் சென்சார் கெட்டுவிட்டது என்று ஓனர் தம்பி உறுதியாக இருந்தார். இக்னிஷன் போட்டு, இன்ஜினை ஸ்டார்ட் பண்ணாமல் பார்த்தால் 101 கிலோபாஸ்கல் காட்ட வேண்டும், 91 தான் காட்டுகிறதாம். சென்னையில் 101 சரி. பெங்களூர் கடல் மட்டத்திலிருந்து 900 மீட்டருக்கு மேலே இருக்கிறது, இங்கே காற்றழுத்தமே அவ்வளவுதான். சென்சார் சரியாகச் சொல்கிறது. வேறு எரரும் இல்லை. காசு வாங்காமல் அனுப்பினேன்.

ஜூலை 15, செவ்வாய்

அக்கா வண்டி வந்தது, நான்தான் வரச் சொல்லியிருந்தேன். எரரை அழித்ததும் லைட் அணைவதை வைத்து வேலை முடிந்தது என்று நம்பக் கூடாது. கம்ப்யூட்டர் தன் சோதனைகளை மறுபடி ஓட்டி முடிக்க வேண்டும், அதற்கு நாலு நாள் ஊர் ஓட்டம் வேண்டும்.

"அப்போ அந்த சென்சார்?"

லைவ் கிராஃபைக் காட்டினேன். முன் சென்சாரின் வோல்டேஜ் மேலும் கீழுமாக வேகமாக ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. "இது நல்லா வேலை செய்யுதுக்கா. இதை மாத்தியிருந்தா காசுதான் போயிருக்கும், அதே எரர் திரும்ப வந்திருக்கும்."

டிரிம் 2. இன்னும் உறுதியாகாமல் காத்திருக்கும் பெண்டிங் எரர் எதுவும் இல்லை. மானிட்டர்கள், அதாவது கம்ப்யூட்டரின் சோதனைகள், எல்லாம் முடிந்திருந்தன. அதற்குப் பிறகுதான் ஜாப் கார்டில் கையெழுத்துப் போட்டேன்.