தொழில் தெரிந்தவர் ஓய்வு பெறும் முன்

அறிவு மேலாண்மை, அதாவது தொழில் தெரிந்தவரின் அறிவு அவரோடு போய்விடாமல் காப்பது என்றதும், நிறுவனங்கள் சாப்ட்வேர் வாங்கிப் போட்டுவிட்டு, வேலை முடிந்தது என்று நினைக்கிறார்கள்.

குமரி மாவட்டம் குலசேகரம் பக்கத்து ரப்பர் ஷீட் கூடங்களைப் பாருங்க. ஷீட்டைக் காயவைக்கும் புகைக்கூடத்தில் சூடு 40 முதல் 60 டிகிரி என்பதை யாரும் எழுதி ஒட்டிவிடலாம். ஆனா முதல் நாளே சூட்டை ஏற்றினால் ஷீட்டில் கொப்புளம் விழும், மழைநாள் ரப்பர் பால் நீர்த்திருக்கும், அதில் கலக்கும் தண்ணீரைக் குறைக்கணும் என்பதெல்லாம் மூத்த தொழிலாளியின் கைப்பழக்கம். அவர் நின்றுவிட்டால் அதுவும் போச்சு.

அவர் ஓய்வு பெறுவதற்குச் சில மாதம் முன்பே ஒரு இளையவரை அவரோடு வேலைக்கு விடுங்க. என்ன செய்யணும் என்பதோடு, ஏன், எப்போது மாற்றணும் என்பதையும் பேச்சுத் தமிழிலேயே எழுத வையுங்க. தேதி கட்டாயம். புதுசு எழுதினதும் பழைய தாளை எடுத்துவிடுங்க. இரண்டும் கிடந்தால் குழப்பம்தான்.

சொல்லிக்கொடுத்தால் வேலை போய்விடுமோ என்று பயப்படுகிறவர் முக்கியமானதைச் சொல்லவே மாட்டார். கற்றுக்கொடுக்கும் நேரத்துக்கும் கூலி கொடுங்க.