"விட்டாச்சுல்ல, அப்புறம் என்ன?"

சிகரெட்டை விடச் சொல்ல ஊரில் ஆளுக்குப் பஞ்சமில்லை. விட்டு நாலைந்து மாதம் கழித்து வரும் ஆபத்தைப் பற்றிச் சொல்லத்தான் எனக்கு ஒருவரும் கிடைக்கவில்லை. டாக்டர், மருந்துக்கடைக்காரர், மாமனார், ஆபீஸில் பக்கத்து சீட்டுக்காரர் என்று யாரைக் கேட்டாலும் ஒரே பதில்: "விட்டாச்சுல்ல, அப்புறம் என்ன?" அந்த அப்புறத்தில்தான் மாட்டினேன். எரிச்சல் இன்னும் தீரவில்லை, அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

திருப்பூரில் ஏற்றுமதி கம்பெனியில் மெர்ச்சண்டைசர் வேலை எனக்கு, அதாவது பையர் கேட்டபடி துணி தயாராகிக் கிளம்பும் வரை பார்த்துக்கொள்ளும் வேலை. சாம்பிள் அப்ரூவல் வரவில்லை என்றால் பேக்கரி, சாயம் மாறி வந்தால் பேக்கரி, ஷிப்மென்ட் நேரத்துக்குப் போய்விட்டால் அதைக் கொண்டாடவும் பேக்கரி. கொங்குப் பக்கம் பேக்கரிதான் டீக்கடை. ஒட்டினாற்போல ஒரு பெட்டிக்கடை இருக்கும். அங்கே லூஸில் ஒன்று வாங்கிப் பற்ற வைத்தால்தான் டீ இறங்கும். காலையில் பல் விளக்கும் முன்னாலேயே முதல் தம். இதை ஏன் சொல்கிறேன் என்றால், எழுந்த அரை மணி நேரத்துக்குள் பற்ற வைப்பவர்களுக்கு நிக்கோட்டின் பிடி கெட்டி. சிகரெட்டை விடுவதற்காக மெல்லும் நிக்கோட்டின் கம் அவர்களுக்கு 2 மில்லிகிராம் போதாது, 4 மில்லிகிராம் வேண்டும். இந்த ஒரு தகவலைத் தெரிந்துகொள்ளவே எனக்கு நாய்ப்பாடு ஆகிவிட்டது.

2 மில்லிகிராம் கம் எந்தக் கடையிலும் சும்மா கேட்டாலே கொடுப்பார்கள். கடைக்காரர் கொடுத்தார். "சூயிங்கம் மாதிரிதானுங்க, மென்னுட்டுத் துப்பிருங்க" என்றார். அப்படியே மென்றேன். தொண்டை எரிந்தது, விக்கல் நிற்கவில்லை, தம் ஆசையும் அடங்கவில்லை. உண்மையில் அதை அப்படி மெல்லவே கூடாது. நாலைந்து கடி கடித்து, நாக்கு சுரீரென்றதும் கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவே ஒதுக்கி வைக்க வேண்டும். காரம் தணிந்ததும் மறுபடி இரண்டு கடி. இப்படியே அரை மணி நேரம் ஓட்டலாம். நிக்கோட்டின் வாயின் உள்தோல் வழியாகத்தான் ஏறும். எச்சிலோடு விழுங்கினால் வயிற்றுக்குப் போய் விக்கலும் குமட்டலும்தான் மிச்சம். கம் போடுவதற்குக் கால் மணி நேரம் முன்பிருந்தே டீ, காபி, ஜூஸ் எதுவும் ஆகாது. வாயில் புளிப்பு இருந்தால் மருந்து ஏறாது. பேக்கரியில் டீயை உறிஞ்சிக்கொண்டே கம் மென்றவனுக்கு எப்படி வேலை செய்யும்?

சரி, 4 மில்லிகிராம் கேட்கலாம் என்று போனால், "அதுக்கு டாக்டர் சீட்டு வேணுமுங்க." நியாயம்தான், சட்டம் அப்படி. ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் டோக்கன் போட்டு, மதியச் சாப்பாட்டைத் தியாகம் செய்து உட்கார்ந்தேன். டாக்டர் எக்ஸ்ரே எடுக்கச் சொன்னார், ஊதிக் காட்டும் டெஸ்ட்டும் எடுக்கச் சொன்னார். இரண்டும் நார்மல். "மன உறுதி இருந்தா போதும் தம்பி" என்று சொல்லிவிட்டு, நான் வற்புறுத்தியதால் சீட்டில் எழுதினார். எழுதியது 'நிக்கோட்டின் கம்' என்று மட்டும். எத்தனை மில்லிகிராம் என்று இல்லை! கடைக்காரர் சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு 2 மில்லிகிராமையே நீட்டினார். திரும்பப் போனால் ரிசப்ஷனில், "டாக்டர் ரவுண்ட்ஸ் போயிட்டாரு, புது டோக்கன் போட்டுக்கோங்க" என்கிறார்கள். ஒரு எண்ணை எழுத இன்னொரு ஃபீஸ்! நல்லவேளை, உள்ளே இருந்த வயசான நர்ஸம்மா சீட்டை வாங்கிக்கொண்டு மாடிக்குப் போய், ஐந்தே நிமிஷத்தில் எழுதி வாங்கி வந்துவிட்டார். "எங்க வீட்டுக்காரரும் இதாலதான் போனாரு, நீங்க விடுங்க சாமி" என்றார். மொத்த ஆஸ்பத்திரியிலும் எனக்கு உதவிய வாக்கியம் அது ஒன்றுதான். சீட்டு வாங்கும்போது அளவு, ஒரு நாளைக்கு எத்தனை, எத்தனை வாரம் என்று மூன்றும் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு நாற்காலியிலிருந்து எழுந்திருங்கள்.

அதற்குப் பிறகு எல்லோருக்கும் தெரிந்த கதை. முதல் மூன்று நாள் நரகம், மூன்று நாலு வாரத்தில் அடங்கியது. நடுவில் மலச்சிக்கலும் வாய்ப்புண்ணும் வந்தன. இவை வரும் என்று முன்கூட்டி யாரும் சொல்வதில்லை, வந்தால் பயப்பட வேண்டாம். இன்னொன்று, படபடப்பு. சிகரெட் இல்லாததால்தான் நெஞ்சு அடித்துக்கொள்கிறது என்று நினைத்தேன், பாதிக் காரணம் காபி. புகையில் இருக்கும் சில ரசாயனங்கள் கல்லீரலை முடுக்கிவிட்டு, காஃபீனை வேகமாக வெளியேற்ற வைக்கின்றன. புகை நின்றதும் அந்த வேகம் குறைந்துவிடும். பழைய அளவே காபி குடித்தாலும் ரத்தத்தில் காஃபீன் கூடுதலாக நிற்கும். காபியைப் பாதியாக்கினேன், தூக்கம் திரும்பியது.

கம்மைப் படிப்படியாகக் குறைத்துப் பன்னிரண்டு வாரத்தில் நிறுத்துவது வழக்கம். நிறுத்திவிட்டு டாக்டரிடம் போனேன். "வெரி குட். இனி வர வேண்டாம்" என்றார். இனி எதில் கவனமாக இருக்க வேண்டும் என்று கேட்டேன். அடுத்த டோக்கனைக் கூப்பிட்டுவிட்டார். எந்த உதவியும் இல்லாமல் விடுபவர்களில் ஆறு மாதம், ஒரு வருஷம் தாண்டி நிற்பவர்கள் நூற்றுக்கு 3 முதல் 5 பேர்தான் என்று ஆய்வுகள் சொல்கின்றன. கம்மோ மாத்திரையோ இருந்தால் இது கூடும். அப்போதும் திரும்ப விழுபவர்கள்தான் அதிகம். இதை அவர் அன்றைக்கே சொல்லியிருந்தால் அரை நிமிஷம் ஆகியிருக்கும்.

நான் டென்ஷனுக்குத்தான் பயந்தேன். பையர் கத்தும்போது, கலர் மாறும்போது, ராத்திரி பேக்கிங்கில் நிற்கும்போது பல்லைக் கடித்துக்கொண்டு காவல் காத்தேன். அங்கெல்லாம் ஒன்றும் ஆகவில்லை. விழுந்தது கெடா விருந்தில்.

மனைவி வீட்டுக் குலதெய்வக் கோயில் பொங்கல். சாப்பாடு முடிந்து பொழுது சாய்ந்ததும் ஆண்கள் எல்லாம் தோப்புக்குள் ஒதுங்கினோம், பாட்டிலும் வந்தது. அந்த வாரம்தான் பெரிய ஷிப்மென்ட் ஒன்று சிக்கலில்லாமல் கிளம்பியிருந்தது. மனசில் ஒரு பாரமும் இல்லை. மச்சான் ஒன்றை நீட்டினார். "ஒண்ணே ஒண்ணு மாப்ள. விட்டவருக்கு ஒண்ணு என்ன பண்ணப் போகுது?"

இழுத்தேன். தலை சுற்றியது, வாய் கசந்தது, பாதியில் எறிந்துவிட்டேன். இங்கேதான் பொறியே இருக்கிறது. நன்றாக இருந்திருந்தால் பயந்திருப்பேன். கேவலமாக இருந்ததால் தைரியம் வந்துவிட்டது: எனக்கு இனி இது பிடிக்காது, எப்போதாவது ஒன்று அடித்தால் ஒன்றும் ஆகாது என்று.

அதற்குப் பிறகு நடந்தது படிப்படியாக நடந்தது. முதலில் ஓசி தம். காசு கொடுத்து வாங்கினால்தானே கணக்கு என்று ஒரு தர்க்கம். பிறகு ஓசி கேட்கக் கூச்சமாகி, சனிக்கிழமை சம்பளப் பட்டுவாடா முடிந்ததும் லூஸில் ஒன்று. பிறகு மதியம் ஒன்று. கசப்பெல்லாம் எப்போதோ போயிருந்தது. ஒரு மாதத்துக்குள் பழைய கணக்கை எட்டிவிட்டேன். வருஷக்கணக்கில் நிக்கோட்டினுக்குப் பழகிய மூளை சில மாதத்தில் அதை மறந்துவிடாது போலிருக்கிறது.

ஆலன் மார்லட் என்ற அமெரிக்க உளவியலாளர் இதைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறார். ஒரு தடவை தடுக்குவது வேறு, முழுசாகத் திரும்பிப் போவது வேறு. நடுவில் ஆளைத் தள்ளிவிடுவது, "எல்லாம் போச்சு, இனி என்ன இருக்கு" என்ற நினைப்பு என்கிறார். அந்த நினைப்புக்கு என் வீட்டிலேயே தண்ணீர் ஊற்றி வளர்த்தார்கள். சட்டைப் பையில் ஹால்ஸ் மிட்டாய்க் காகிதங்களைப் பார்த்துவிட்டு மனைவி கேட்டது ஒரே கேள்வி: "ஏனுங்க, மறுபடியும் ஆரம்பிச்சிட்டீங்களா?" அவள் அதோடு நிறுத்திக்கொண்டாள். மாமனார் நிறுத்தவில்லை, வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொன்னார். திட்டு விழுந்த அன்றைக்கெல்லாம் இரண்டு கூடவே அடித்தேன். வீட்டில் யாராவது இப்படித் திரும்ப ஆரம்பித்திருந்தால், தயவுசெய்து பஞ்சாயத்து வைக்காதீர்கள்.

இத்தனை வருஷம் லூஸிலேயே வாங்கியதால் பாக்கெட்டை நான் ஒழுங்காகப் பார்த்ததே இல்லை. முழுப் பாக்கெட் வாங்கும் அளவுக்குத் திரும்பியபோதுதான் அதில் இருந்த நம்பர் கண்ணில் பட்டது: 1800-11-2356. புகையிலையை விடுவதற்கு உதவும் அரசின் இலவச எண், 2018 செப்டம்பரிலிருந்து பாக்கெட்டில் அச்சாகிறது. லூஸில் வாங்குகிறவன் எங்கே அதைப் பார்க்கப் போகிறான்! தமிழ் உட்படத் தென்னிந்திய மொழிகளுக்குப் பெங்களூருவில் இருக்கும் நிமான்ஸ் மனநல மருத்துவமனையிலிருந்து பேசுகிறார்கள். பேசிய பெண் ஏன் விட்டீர்கள், ஏன் தொட்டீர்கள் என்று கேட்கவே இல்லை. எங்கே நின்று அடிக்கிறீர்கள், கூட யார், கையில் டீயா மதுவா என்று கேட்டார். "கோபமா இருக்கும்போது தொட்டீங்களா, சந்தோஷமா இருக்கும்போதா?" என்றார். அதற்குப் பதில் சொல்லும்போதுதான், காவல் எல்லாம் தப்பான வாசலில் நின்றிருக்கிறது என்று எனக்கே உறைத்தது. விடுவதற்கு ஒரு தேதி குறித்தோம். பிறகு அவர்களே திரும்பக் கூப்பிட்டு விசாரிக்கிறார்கள், அதுதான் பெரிய விஷயம். விட்ட பிறகும் ஒருவர் கேட்கிறார் என்பது முதல் தடவை எனக்கு இல்லாத ஒன்று.

இந்தத் தடவை செய்தவற்றில் உருப்படியானவை சில. கம் கோர்ஸ் முடிந்த பிறகும் ஒரு அட்டை 2 மில்லிகிராம் கம்மைப் பையிலேயே வைத்திருக்கிறேன்; நினைப்பு வந்தால் ஒன்று போட்டுக்கொண்டு அந்த இடத்தை விட்டு நகர்ந்துவிடுவேன். பெரும்பாலும் ஐந்து நிமிஷத்தில் அலை தணிந்துவிடும். மதுவை முதல் சில மாதம் மொத்தமாக ஒதுக்கினேன், ஏனென்றால் இரண்டு பெக்குக்குப் பிறகு எந்த மன உறுதியும் நிற்பதில்லை. பேக்கரியை மாற்றினேன். புதுக் கடையில் டீ சுமார்தான், ஆனால் பக்கத்தில் பெட்டிக்கடை இல்லை. துபாயிலிருந்து வந்த தம்பி ஒருவன் வேப், அதாவது இ-சிகரெட், நீட்டினான். இங்கே 2019-லேயே அதன் விற்பனையைத் தடை செய்துவிட்டார்கள், தடை இல்லாவிட்டாலும் அதே நிக்கோட்டின்தான் என்று திருப்பிக் கொடுத்துவிட்டேன். நடுவில் கனவில் தம் அடித்து, விடியற்காலையில் பதறி எழுந்ததும் உண்டு. விட்டவர்களுக்கு இப்படிக் கனவு வருவது சகஜம் என்று போனில் சொன்னார்கள்.

விசேஷ வீடுகளில் "விட்டுட்டேன்" என்று சொல்லிப் பிரயோஜனமில்லை, அதுவே வற்புறுத்தலுக்கு அழைப்பு. "கடைவாய்ப் பல் பிடுங்கியிருக்கு, புகை இழுத்தா ரத்தக்கட்டு கலைஞ்சு புண்ணாயிடும்னு பல் டாக்டர் சொல்லிட்டாரு" என்று சொல்லிப் பாருங்கள். மருத்துவப்படி இது உண்மைதான், பல் பிடுங்கியது மட்டும்தான் பொய். போன கல்யாணத்தில் மச்சான் நீட்டிய கையை மரியாதையாக மடக்கிக்கொண்டார், என் கன்னத்தைப் பார்த்துப் பரிதாபமும் பட்டார்.

அடுத்த மாதம் அவர் மகளுக்குக் காதுகுத்து. அதே தோப்பு, அதே ஆட்கள். பல் கதை அவரிடம் ஒரு தடவை செலவாகிவிட்டது, இந்த முறை வலது பக்கம் என்று சொல்லிக்கொள்ள வேண்டியதுதான்.