கசப்பின் கணக்கு

"அண்ணே, ஹாப்ஸைக் கடைசியில போட்டா கசப்பே ஏறாதுல்ல?"

இன்று மாலை சிங்கப்பூரில் என் தெம்பனிஸ் வீட்டு அடுப்படியில் தம்பி ஒருவர் கேட்டார். பிரவுன் ஏல் என்னும் பழுப்பு நிற பீரைக் காய்ச்சிப் பழக வந்தவர். ஹாப்ஸ் என்பது பீருக்குக் கசப்பும் வாசனையும் தரும் பூ.

அடுப்பை அணைத்துவிட்டு வெப்பமானியைக் காட்டினேன். பாத்திரத்தை ஆறத் தொட்டித் தண்ணீரில் வைத்திருந்தும் முள் 90க்குக் கீழே இறங்கவே மனமில்லாமல் நின்றது.

நம் குழாய்த் தண்ணீரே வெதுவெதுப்பு. 80 டிகிரிக்கு மேல் இருக்கும்வரை ஹாப்ஸின் ஆல்பா அமிலம் கசப்பாக மாறிக்கொண்டேதான் இருக்கும். குளிர்நாட்டுச் செய்முறையில் "வாசனைக்கு மட்டும்" என்று எழுதியிருப்பது இங்கே கசப்புக்கும் சேர்ந்துவிடும்.

பிரவுன் ஏலில் இது உடனே தெரியும். வறுத்த மால்ட்டும் (முளைகட்டிய தானியம்) கேரமலும் முன்னால் நிற்கவேண்டிய பீர் அது. கசப்பை அளக்கும் ஐபியு கணக்கில் 20 முதல் 30 போதும். 5 சதவீத ஆல்பா அமிலமுள்ள ஈஸ்ட் கென்ட் கோல்டிங்ஸ் என்னும் ஹாப்ஸ் வகை 40 கிராமை 20 லிட்டரில் 60 நிமிடம் கொதிக்கவிட்டால் ஏறக்குறைய 25 வரும். கருக வறுத்த சாக்லேட் மால்ட் தன் பங்குக்குக் கொஞ்சம் கரிக்கசப்பையும் தரும், அதையும் கணக்கில் வைக்கவேண்டும்.

சொந்தக் குடிப்புக்கு வீட்டில் காய்ச்ச 2004லிருந்து இங்கே அனுமதி உண்டு. அளவு சிறியது என்பதாலேயே ஒவ்வொரு கிராமும் எனக்கு முக்கியம்.

தம்பிக்குச் சொன்னது இதுதான்: கடைசி ஹாப்ஸை அடுப்பை அணைத்ததும் போடாதீர்கள். முதலில் ஐஸ் கட்டியைத் தொட்டியில் கொட்டுங்கள். முள் 75க்கு வந்தபிறகு போடுங்கள், வாசனை மட்டும் இறங்கும்.