டிசம்பரில் மூன்று பை, பிப்ரவரியில் ஒன்றுமில்லை

டிசம்பர் மூன்றாம் வாரத்தில் மலேசியாவின் பத்தாங் பெர்ஜுந்தை பக்கத்துத் தோட்ட லயங்களில், அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளில், ஒரே வீட்டு வாசலில் இரண்டு மூன்று சபைகளின் அரிசி மூட்டை இறங்கும். (பெயர்ப்பலகை பெஸ்தாரி ஜெயா என்கிறது. வாயில் வருவது இன்னும் பழைய பெயர்தான்.) கிறிஸ்துமஸ் நட்சத்திரத்தைக் கழற்றிய பிறகு அந்த வாசலுக்கு யாரும் போவதில்லை. நாம் சபைக் காலண்டரைப் பார்த்துப் பை கட்டுகிறோம். லயத்து வீட்டுக்கு இருப்பது தோட்டக் காலண்டர்.

முதலில் மாதக் கணக்கு. 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டப்படி, மாதம் முடிந்து 7 நாளுக்குள் சம்பளம் கைக்கு வந்துவிட வேண்டும். வந்த காசு பழைய கடைக்கடன், மோட்டார் தவணை, பள்ளிப் பேருந்து என்று பிரிந்து, 20ஆம் தேதிக்கு மேல் மளிகைக்கடை நோட்டில் மறுபடி எழுத ஆரம்பிப்பார்கள். பல சபைகளில் முதல் ஞாயிறு நற்கருணை ஆராதனை முடிந்ததும் பை கட்டுகிறார்கள், அன்றைக்கு ஆள் அதிகம் என்பதால். வீட்டில் அரிசி இருக்கிற வாரமாகப் பார்த்து அரிசி போகிறது. மூன்றாம் சனிக்கிழமை கட்டி, 22இலிருந்து 25ஆம் தேதிக்குள் கொண்டுபோய்ச் சேருங்கள். அதே பை இரட்டிப்பாக உதவும்.

வருடக் கணக்கில் இன்னும் பெரிய பிசகு. பால்மரம் (ரப்பர்) பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை இலை உதிர்த்துத் துளிர்விடும் காலத்தில் பால் இறங்கிவிடும். செம்பனையிலும் வருடத் தொடக்கத்தில் காய் குறைவு. குலைக் கணக்கில் கூலி வாங்கும் குத்தகை ஆட்களுக்கு அடி நேராக விழுகிறது. அதற்கு முன்னாலேயே தீபாவளிக் கடன் நிற்கும். 2026இல் பள்ளித் தொடக்கம் மறுபடி ஜனவரிக்கு வந்துவிட்டதால் காலணி, சீருடை, புத்தகப்பை எல்லாம் அதே இடத்தில் வந்து மோதுகின்றன. பள்ளிப் பிள்ளைக்கு அரசு தரும் 150 வெள்ளி (ரிங்கிட்) ஒரு பிள்ளையின் சீருடைக்கும் காலணிக்குமே சரியாகப் போகும்.

ஆகவே கிறிஸ்துமஸ் காணிக்கையில் பாதியைத் தொடாமல் வையுங்கள். காசாக வையுங்கள், அரிசியாக அல்ல. டிசம்பரில் மலிவாகக் கிடைத்தது என்று ஐம்பது மூட்டை வாங்கி ஓய்வுநாள் பள்ளி அறையில் அடுக்கினால், இந்தப் புழுக்கத்தில் பிப்ரவரிக்குள் வண்டு விழும். சிமெண்டுத் தரையில் நேராக வைத்த அடி மூட்டை ஈரம் இழுத்துக் கெட்ட வாடை வரும். ஒன்றிரண்டு வாரம் வைத்தே ஆகவேண்டுமென்றால் பலகை போட்டு, சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி அடுக்க வேண்டும். சவர்க்காரத்தூளையும் மாவையும் ஒரே பையில் போடுவது இன்னொரு பழைய தப்பு. இரண்டே நாளில் ரொட்டியில் சோப்பு வாசம்.

பையில் என்ன? ஒருவருக்கு நாளைக்கு 200 கிராம் அரிசி என்று போட்டால், நாலு பேர் வீட்டுக்கு 10 கிலோ மூட்டை 12 நாள் தாங்கும். 22ஆம் தேதி போனால் சம்பளம் வரும் நாளை ஏறக்குறைய எட்டிவிடும். அதோடு எண்ணெய் 2 கிலோ, மைசூர்ப் பருப்பு 1 கிலோ, கோதுமை மாவு 2 கிலோ, வெங்காயம் 1 கிலோ, நெத்திலி 300 கிராம், 425 கிராம் சார்டின் டின் இரண்டு, மிளகாய்த்தூள், மஞ்சள்தூள், உப்பு, தேயிலை. முட்டையைப் பைக்குள் போடாதீர்கள். 30 முட்டைத் தட்டாகத் தனியே கொண்டுபோய் அங்கே பிரித்துக் கொடுங்கள். உள்ளூர் வெள்ளரிசி 10 கிலோ அரசு விலையில் 26 வெள்ளி, ஆனால் 2023இல் அது கடைகளில் காணாமல் போன மாதிரி மறுபடி போகலாம். இறக்குமதி அரிசி விலைக்கும் சேர்த்துப் பட்ஜெட் போடுங்கள். 2.50 வெள்ளிக்கு விற்கும் மானிய எண்ணெய்ப் பாக்கெட்டைச் சபை மொத்தமாக அள்ளி வரக்கூடாது. அந்தக் கடைக்கே நடந்துவரும் வீட்டுக்காரம்மாவுக்கு அன்று எண்ணெய் இருக்காது. பாட்டில் வாங்குங்கள். பாட்டிலென்றால் டின்களுக்கு அடியில் நசுங்கிக் கசியவும் கசியாது.

மைசூர்ப் பருப்பு என்று குறிப்பாகச் சொல்வதற்குக் காரணம் எரிவாயு. அது ஊறவைக்காமலே இருபது நிமிடத்தில் வெந்துவிடும். கொண்டைக்கடலை இரவு முழுக்க ஊறியும், குக்கர் இல்லாத அடுப்பில் ஒரு மணி நேரம் கேட்கும். 14 கிலோ எரிவாயுத் தோம்பு 26.60 வெள்ளி, ஏறத்தாழ ஒரு மூட்டை அரிசி விலை. தோட்டம்வரை கொண்டுவந்து போட அதற்கு மேலும் கேட்பார்கள். அரிசி மூட்டை மூலையில் இருக்க, அடுப்பு பற்றாத வீடுகள் உண்டு. "அரிசி இருக்கா அக்கா?" என்று கேட்டால் இருக்கு என்றுதான் பதில் வரும். "கேஸ் எப்போ மாத்துனீங்க?" என்று கேளுங்கள். பதில் தயங்கி வந்தால் அந்த மாதம் பைக்குப் பதில் தோம்பு.

சீனியும், சீனி கலந்தே வரும் மூன்று-ஒன்று காப்பி, தேநீர்ப் பாக்கெட்டும் கண்ணை மூடிக்கொண்டு போடக்கூடாது. 2023 தேசிய சுகாதார ஆய்வில் பெரியவர்களில் 15.6 விழுக்காட்டினருக்கு, ஆறில் ஒருவருக்கு, நீரிழிவு. இந்தியர்களிடையே அது இன்னும் அதிகம். அந்த வீடுகளுக்குச் சீனியை எடுத்துவிட்டு ஓட்ஸ், ஆட்டா மாவு, கூடுதல் முட்டை. பால் டின் பற்றியும் ஒரு வார்த்தை: அதில் பெரும்பாலானவை செம்பனை எண்ணெயும் சீனியும் கலந்த கிரீமர். தேநீருக்கு ஆகும், கைக்குழந்தைக்கு ஆகவே ஆகாது. குழந்தை இருக்கும் வீட்டுக்கு மாவுப்பால் வாங்குவதற்கு முன் கிளினிக் மிஸ்ஸியை (தாதியை) கேளுங்கள். தாய்ப்பால் கொடுக்கும் வீட்டில் இலவச டின் இறங்கினால் தாய்ப்பால் நிற்கும், டின் தீர்ந்ததும் வாங்கக் காசிருக்காது.

புரட்டாசியில் சார்டினும் நெத்திலியும் வேண்டாம். லயத்தில் பாதி வீடு அந்த மாதம் கவிச்சி தொடாது. சோயா, பச்சைப்பயறு, அப்பளம் போடுங்கள். மாட்டிறைச்சிச் சுவையுள்ள மீ (நூடுல்ஸ்) பாக்கெட்டும் எந்த மாதமும் கூடாது. அட்டையில் எழுத்து பொடியாக இருக்கும், வாங்கும்போதே திருப்பிப் பாருங்கள்.

தோட்டத்துக்குள் சொல்லாமல் போகாதீர்கள். ஒரு வாரம் முன்னதாக மேனேஜருக்குக் கடிதம், அதில் வண்டி எண், வரும் ஆட்களின் பெயர். நகலைக் காவல் சாவடியில் கொடுங்கள். காலையில் வீட்டில் ஆள் இருக்காது, மதியம் விடியலுக்கு எழுந்தவர்கள் படுத்திருப்பார்கள். மாலை நாலரைக்கு மேல் சரி. மழை பெய்திருந்தால் செம்மண் பாதையில் வேனை விடாமல் தோட்டக் கிராணியிடம் (எழுத்தரிடம்) டிராக்டர் கேளுங்கள். வீட்டுக்கு இருவராகப் போங்கள், அதில் ஒருவர் பெண். ஏழைகளுக்கு உதவும் கத்தோலிக்க அமைப்பான வின்சென்ட் தே பவுல் சபையார் உலகமெங்கும் இருவராகத்தான் வீடு சந்திக்கிறார்கள். ஒருவர் பேச, மற்றவர் கவனிக்கலாம் என்பது அதிலுள்ள நன்மை.

அதே லயத்தில் இந்தோனேசிய, வங்காளதேசத் தொழிலாளர்களும் இருப்பார்கள். அவர்களைத் தாண்டிப் போவது அழகில்லை. பையில் எல்லாமே ஹலால் முத்திரை உள்ள பொருளாக இருந்தால் ஒரே பை எல்லாருக்கும் ஆகும். துண்டுப்பிரதி, வசன அட்டை எதுவும் உள்ளே வேண்டாம். முஸ்லிம்களிடையே பிற சமயம் பரப்புவதை மாநிலச் சட்டம் கட்டுப்படுத்தலாம் என்று அரசியலமைப்பின் 11(4) சொல்கிறது, மாநிலச் சட்டங்களும் இருக்கின்றன. சட்டம் இல்லாவிட்டாலும், பசித்தவன் கையில் சோற்றோடு தாளையும் திணிப்பது எனக்கு ஒப்பாது. பேனர் பிடித்துப் படம் எடுப்பதும் அதே ரகம். கணக்குக்குப் படம் வேண்டுமென்றால் மேசையில் அடுக்கிய பைகளை எடுங்கள்.

நோட்டில் ஒரு வீட்டுக்கு ஒரு பக்கம்: தலைகள் எத்தனை, நீரிழிவு யாருக்கு, எரிவாயு மாற்றிய நாள், கடைசியாகக் கொடுத்தது எப்போது, வேறு யார் கொடுக்கிறார்கள். கடைசிக் கேள்விக்காக மற்ற சபைகளோடும் கோயில் கமிட்டியோடும் மாதம் ஒரு போன் பேசினால் டிசம்பர்க் குவியல் பாதி குறையும். அடையாளக் கார்டு நகல் எதற்கும் வேண்டாம். அரசு உதவி விண்ணப்பத்துக்கு அவசியமானால் நகலின் குறுக்கே இரண்டு கோடு கிழித்து, எதற்காக என்று எழுதிவிடுங்கள்.

பையைவிடப் பலன் தரும் வேலை ஒன்று உண்டு, யாரும் அதைப் படமெடுக்க மாட்டார்கள். 2025இலிருந்து சாரா எனும் அரசு உதவிப்பணம் மைகார்டிலேயே (அடையாளக் கார்டிலேயே) ஏறுகிறது. பங்குபெறும் கடையில் கார்டைக் காட்டி அரிசி, எண்ணெய், முட்டை போன்ற அடிப்படைப் பொருள் வாங்கலாம். லயத்துப் பாட்டிகளில் சிலருக்குத் தங்கள் கார்டில் காசு இருப்பதே தெரியாது. தெரிந்தவர்களுக்கு அந்தக் கடைக்குப் போக வண்டி இல்லை. வாடகைக் காருக்குக் கொடுத்தால் உதவியில் கால்வாசி அதிலேயே போய்விடும். கார் வைத்திருக்கும் ஒரு சபையார் மாதம் ஒரு சனிக்கிழமை காலை வந்தால் போதும். புறப்படுமுன் கார்டின் சிப் தேயாமல் இருக்கிறதா என்று பாருங்கள். கடையில் முதலில் மீதியைக் கேட்டுவிட்டுக் கூடையை நிரப்புங்கள், இல்லாவிட்டால் கல்லாவில் பொருளைத் திருப்பி எடுத்து வைக்கும்போது அவர்கள் முகம் சுருங்கிவிடும். ஒரு தடவைக்கு மூன்று பேருக்கு மேல் ஏற்றாதீர்கள். திரும்பும்போது மூன்று பேர் சாமானும் காரின் பின்பெட்டியில் அடங்க வேண்டும்.