விட்டுப்போன ஸ்பிரிண்டர் மறுபடி பிளாக்கில் கால் வைக்க

குறுந்தூர ஓட்டத்தை விட்டுவிட்டு மறுபடி ஓட முடிவு செய்தவருக்கு முதல் வேலை கடிதம் எழுதுவது. ஊக்கமருந்துப் பரிசோதனைப் பட்டியலில் இருந்தபோது ஓய்வை அறிவித்தவர், 6 மாதம் முன்பே எழுத்தில் தெரிவித்து, பரிசோதனைக்கும் தயாராக இருந்தால்தான் தேசிய, சர்வதேசப் போட்டிகளில் இறங்கலாம். தினமும் எந்த ஒரு மணி நேரம் எங்கே இருப்போம் என்பதைப் பதிவு செய்ய வேண்டும். 12 மாதத்துக்குள் 3 முறை தவறினால் அதுவே விதிமீறல். சீசன் நெருங்கும்போது இது ஞாபகம் வந்தால் அந்த சீசன் போச்சு.

உடம்புக்கு 6 மாதமும் போதாது. 2017 ஆகஸ்டில் குழந்தை பெற்ற ஜமைக்க வீராங்கனை ஷெல்லி ஆன் ஃப்ரேசர்-ப்ரைஸ் தோஹாவில் 100 மீட்டரை 10.71 விநாடியில் ஓடி உலகப் பட்டம் வென்றது 2019 செப்டம்பரில். நடுவில் முழுதாக ஒரு சீசன் போயிருந்தது.

நாங்கள் அடிக்கடி பார்ப்பது இது: இரண்டு மாதம் 200, 300 மீட்டர் மிதமாக ஓடுவார்கள், ஜிம்முக்குப் போவார்கள், ஒருநாள் திடீரென்று ஸ்பைக்ஸ் (அடியில் ஆணி வைத்த ஷூ) மாட்டி முழு வேகத்தில் இழுப்பார்கள். ஹாம்ஸ்ட்ரிங் (பின்தொடைத் தசை) பிடித்துக்கொள்வது அன்றைக்குத்தான். முன்னால் வீசிய கால் தரையைத் தொடப்போகும் நேரத்தில், பின்தொடைத் தசை நீண்டுகொண்டே அதைப் பிடித்து நிறுத்துகிறது. வேகம் 80 சதவீதத்தைத் தாண்டியதும் இந்தச் சுமை எகிறுகிறது. 80-ல் எவ்வளவு ஓடினாலும் 100-க்குத் தசை பழகாது.

ஆகவே காயம் எதுவும் இல்லாதவர் முதல் மாதத்திலேயே வேகத்தை மருந்து மாதிரி சிறு அளவில் எடுப்பது நல்லது. வாரம் 2 நாள், நடுவில் 48 மணி நேரமாவது இடைவெளி. 30 மீட்டரில் மெல்ல வேகமெடுத்து, 10 மீட்டர் மட்டும் வேகமாக, 3 முறை (ரெப்). முதலில் 90 சதவீதம், பிறகு 95. அது பழகியபின் 10 மீட்டரை 20 ஆக்கலாம். ஓடிய ஒவ்வொரு 10 மீட்டருக்கும் ஒரு நிமிடம் ஓய்வு. மூச்சு திரும்பிவிட்டது என்று முன்னதாகவே எழுந்துவிடக் கூடாது. ஓடும் நேரம் கூடத் தொடங்கினால் அன்றைக்கு அவ்வளவுதான், மூட்டை கட்டுங்கள். நார்டிக் பயிற்சியை (முழங்காலிட்டு, கணுக்காலைப் பிடித்துக்கொள்ளச் சொல்லி, உடம்பை மெல்ல முன்னால் சாய்ப்பது), செட்டுக்கு 4 முறையாக 2 செட் எனத் தொடங்கி, வேக ஓட்டம் முடிந்த அதே நாளில் வையுங்கள். வேறு நாளில் செய்தால் தசை வலியோடு அடுத்த வேக நாளுக்கு வருவீர்கள்.

ஸ்பைக்ஸ் பதம் பார்ப்பது கெண்டைக்காலையும் குதிகால் தசைநாணையும். முதல் வாரங்களில் கடைசி ஒன்றிரண்டு ரெப்புக்கு மட்டும் மாட்டுங்கள். சிந்தடிக் டிராக்கில் ஆணி 9 மி.மீ. தாண்டக் கூடாது.

பிளாக்கில் (கால் ஊன்றிப் புறப்படும் சாதனத்தில்) பழைய அளவைத் தேடாதீர்கள். முன் பெடல் கோட்டிலிருந்து 2 பாத நீளம், பின் பெடல் 3 என்பது வழக்கம். கால்பலம் குறைந்திருந்தால் இரண்டையும் அரைப் பாதம் பின்னால் தள்ளினால் எழுவது சுலபம்.

பயிற்சியில் ஸ்டாப்வாட்சில் வந்த 100 மீட்டர் நேரத்தோடு மின்னணு நேரத்துக்கு ஈடாக 0.24 விநாடி கூட்டிப் பார்த்துவிட்டு நுழைவுப் படிவத்தை நிரப்புங்கள். முதல் போட்டி ஒரே ஓட்டமுள்ளதாக இருக்கட்டும். ஹீட்ஸில் (முதல் சுற்றில்) தகுதி பெற்றுவிட்டுத் தக்க காரணமில்லாமல் அடுத்த சுற்றை விட்டால், அந்தப் போட்டியின் மற்ற ஓட்டங்களிலிருந்தும், ரிலே உட்பட, நீக்குவார்கள். கால் இறுக்கமாக இருந்தால் போட்டி மருத்துவரிடம் சான்று வாங்கிய பிறகே விலகுங்கள்.